டெர்மினலில் ஆவணம்: மார்க்கப் எப்படி வெற்று எழுத்தாகிறது, எங்கே பிசகுகிறது

கையேட்டுப் பக்கத்தில், கட்டளையோடு சேர்த்துத் தட்ட வேண்டிய ஒரு விருப்பம் (ஆப்ஷன்) தெரிகிறது: இரண்டு சிறு கோடுகள், ஒட்டினாற்போல் ஒரு சொல். சுட்டியால் அதைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, கட்டளை வரியில் ஒட்டுகிறீர்கள். நிரல் அதை விருப்பமாகவே மதிக்காமல், அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்கிறது. எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எழுத்துப்பிழை கண்ணில் படாது. பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் வெளிப்படும். விசைப்பலகை தரும் கோடு ஆஸ்கி 45, ஒரே ஒரு பைட். திரையில் இருந்தது யூனிகோடு U+2010, அச்சுக்கலையின் ஹைஃபன். யூடிஎஃப்-8இல் அது 226, 128, 144 என்று மூன்று பைட்.

ஆவணத்தை எழுதியவர் விசைப்பலகையில் இருக்கும் கோட்டைத்தான் தட்டினார். டெர்மினலும் (கட்டளை தட்டும் எழுத்துத் திரை) தனக்கு வந்ததை அப்படியே காட்டியது. இடையில் இருந்த மாற்றி நிரல், கோட்டை அழகான கோடாக ஆக்கிவிட்டது. மார்க்கப் ஆவணத்தை (தலைப்பு, தடிப்பு போன்றவற்றைக் குறிகளால் சொல்லும் மூலத்தை) டெர்மினலுக்கான வெற்று எழுத்தாக மாற்றுவதில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வகைதான். புத்தகம் படிப்பவருக்கு ஹைஃபன் எந்த ஹைஃபனாக இருந்தாலும் ஒன்றுதான். டெர்மினலில் படிப்பவர், படித்ததை அடுத்த நொடியே இயக்கப் போகிறவர். ஆகவே கட்டளை, விருப்பம், கோப்புப் பாதை, நிரல் துண்டு என்று சொல்லுக்குச் சொல் இருக்க வேண்டிய பகுதி ஒரு பைட்கூட மாறாமல் வந்து சேர வேண்டும். வரிகளின் அழகு அதற்குப் பிறகுதான். மாற்றி நிரலை எழுதுபவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

ஒரே மூலம், இரண்டு இயந்திரங்கள்

1964இல் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்துக்காக ஜெரோம் சால்ட்சர், ஆவணங்களை வடிவமைக்கும் ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். அந்த வழியில் வந்த ராஃப், 1971 நவம்பரில் வெளியான முதல் யூனிக்ஸ் கையேட்டை வடிவமைத்தது. பின்னர் ஜோ ஒசானா, தட்டச்சு இயந்திரம் போன்ற டெர்மினல்களுக்கு என்ராஃப் நிரலையும், ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு டீராஃப் நிரலையும் எழுதினார். இரண்டும் ஒரே மூலக் கோப்பைப் படிக்கும். 1977இல் ஒசானா மறைந்த பிறகு பிரையன் கெர்னிகன் டீராஃபை எந்தச் சாதனத்துக்கும் பொருந்தும்படி மாற்றி எழுதினார். 1990இல் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ஜீராஃப்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கையேட்டுப் பக்கங்களைக் காட்டுகிறது. ஓபன்பிஎஸ்டியில் அந்த வேலையை மேன்டாக் செய்கிறது.

இந்த வரலாறு இன்றைய திரையிலும் தெரிகிறது. டெர்மினலையும் ஒரு காகிதமாகத்தான் ஜீராஃப் கருதுகிறது. அதன் கணக்கில் ஒரு அங்குலம் 240 அலகு. ஒரு எழுத்தின் அகலம் 24 அலகு, ஒரு வரியின் உயரம் 40 அலகு. அதாவது அங்குலத்துக்கு 10 எழுத்து, 6 வரி. 11 அங்குலத் தாளுக்கு 66 வரி. பழைய என்ராஃப் வெளியீட்டில் 66 வரிக்கு ஒருமுறை தலைப்பும் அடிக்குறிப்பும் குறுக்கே வந்து விழுந்ததற்குக் காரணம் இதுதான். இப்போதைய மேக்ரோக்கள் (மூலத்தில் எழுதும் சுருக்கக் கட்டளைகள்) முழுப் பக்கத்தையும் முடிவில்லாத ஒரே தாளாக எடுத்துக்கொள்கின்றன.

பெர்ல் மொழியின் பாட், டெக்ஸ்இன்ஃபோ, டாக்புக், 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் எனப் பிறகு பல மூல வடிவங்கள் வந்தன. வடிவம் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூலம் எதைச் சொல்கிறது, பொருளையா, தோற்றத்தையா? பழைய மேன் மேக்ரோக்கள் ‘இதைத் தடித்துக் காட்டு’ என்கின்றன. பிஎஸ்டி மரபில் வந்த எம்டாக் மேக்ரோக்கள் ‘இது விருப்பம், இது அதன் மதிப்பு, இது கோப்புப் பாதை’ என்கின்றன. பொருள் தெரிந்தால், எந்தப் பகுதியில் கைவைக்கக் கூடாது என்பதும் மாற்றிக்குத் தெரியும். தடிப்பு மட்டுமே தெரிந்தால் ஊகம்தான் கதி.

டாக்புக்கை எச்டிஎம்எல்லாக மாற்றி, அதை லிங்க்ஸ் போன்ற எழுத்து உலாவியில் கொடுத்து வெற்று எழுத்தாக வாங்கும் இருபடி வழியை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். முதல் படியிலேயே ‘விருப்பம்’, ‘கோப்பு’, ‘மாறி’ என்ற வேறுபாடுகள் மறைந்து, எல்லாம் ‘நிரல் எழுத்துரு’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகின்றன. அடுத்த படியில் எழுத்துருவும் மறைகிறது. வாக்கியத்தில் எது கட்டளை, எது பேச்சு என்று பிரித்துச் சொல்ல எந்த அடையாளமும் மிஞ்சுவதில்லை.

கோடு, மேற்கோள், வெற்றிடம்

முதலில் சொன்ன ஹைஃபனுக்கே திரும்புவோம். டீராஃப் மூலத்தில் வெறும் கோடு போட்டால் அது ஹைஃபன். பின்சாய்கோட்டோடு சேர்த்து \- என்று போட்டால் கழித்தல் குறி; கையேட்டுப் பக்கங்களில் அது விசைப்பலகைக் கோடாகவே வெளிவரும். விருப்பங்கள் எல்லாவற்றையும் \-\- என்றுதான் தொடங்க வேண்டும். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. வெறும் ஹைஃபனுக்குப் பிறகு வரியை உடைக்கலாம் என்று ஜீராஃப் எடுத்துக்கொள்ளும். கழித்தல் குறிக்குப் பிறகு உடைக்காது. நடுவில் கோடு உள்ள விருப்பப் பெயர் வரி ஓரத்தில் இரண்டாகப் பிளப்பதை இது தடுக்கிறது. மூலங்களில் பெரும்பாலானவை இதைக் கவனிக்காமல் எழுதப்பட்டவை என்பதால், பல லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் உள்ளமைவுக் கோப்பில் ஹைஃபனை ஆஸ்கி கோட்டுக்கே திருப்பிவிடுகின்றன. அந்தத் திருப்பத்தை நம்பி எழுதுவது சரியல்ல. அதே பக்கம் வேறு கணினியில் வேறு மாதிரி வரும்.

கோடு மட்டும் அல்ல. நேரான ஒற்றை மேற்கோள் வளைந்த மேற்கோளாகிறது. பின்மேற்கோள் வளைந்த தொடக்க மேற்கோளாகிறது. முகப்பு அடைவைக் குறிக்கும் ~ குறி, உயரத்தில் தொங்கும் சிறு அலையாக மாறுகிறது. ^ குறிக்கும் இதே நிலைமை. மேற்கோள் வளைந்த கட்டளையை ஷெல்லில் (கட்டளைகளை இயக்கும் நிரலில்) ஒட்டினால் மேற்கோளாக வேலை செய்யாது. அலை மாறிய பாதை எந்த அடைவையும் காட்டாது. நிரல் துண்டுகளில் இந்த நான்குக்கும் ஜீராஃப் வைத்திருக்கும் தனி எஸ்கேப் பெயர்களையே பயன்படுத்த வேண்டும்.

மற்ற மொழிகளிலும் இதே பள்ளம் இருக்கிறது. பேன்டாக் என்ற வடிவமாற்றி நிரல் தன் மார்க்டவுனைப் படிக்கும்போது ‘ஸ்மார்ட்’ என்ற நீட்டிப்பு இயல்பாகவே இயங்கும். வாக்கியத்தின் நடுவே பின்மேற்கோள் இல்லாமல் எழுதிய இரட்டைக் கோடு, ஒற்றை நீள் கோடாகச் சேர்ந்துவிடும். டெக்ஸ்இன்ஃபோ வெற்று எழுத்தாகும்போது இரட்டைக் கோடு ஒற்றைக் கோடாகச் சுருங்கும். அதாவது நீண்ட விருப்பம் வேறொரு குறுகிய விருப்பமாகத் தோன்றும். படிப்பவர் அதை நம்பி இயக்கினால் என்ன நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: விருப்பம் எதுவானாலும் நிரல் குறிக்குள் இருக்க வேண்டும். வெளியே கிடக்கும் இரட்டைக் கோடுகளைத் தேடிப் பிடிக்க ஒரு சிறு சோதனையை ஆவணக் கட்டமைப்பிலேயே சேர்த்துவிடலாம்.

பிரியா இடைவெளியும் இந்தக் குடும்பம்தான். எண்ணும் அதன் அலகும் ஒரே வரியில் நிற்கட்டும் என்று மூலத்தில் அதைப் போடுகிறார்கள். வரி உடைக்கும் கட்டம் வரை அதைப் பிரியா இடைவெளியாகவே வைத்திருக்க வேண்டும். வெளியே எழுதும்போது சாதாரண இடைவெளியாக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், ஷெல் அதைச் சொற்பிரிப்பாகக் கொள்ளாது. கட்டளையும் அதன் வாதமும் ஒரே நீளப் பெயராக ஒட்டிக்கொண்டு, ‘இப்படியொரு கட்டளை இல்லை’ என்ற பதில் வரும்.

மரமாக்கி, பிறகு அளப்பது

எச்டிஎம்எல்லில் கோணக் குறிகளுக்குள் இருப்பதை எல்லாம் ஒரு ரெஜெக்ஸ் (தேடல் வடிவம்) கொண்டு அழித்தால் போதும் என்று தோன்றும். கையேடுகளில் இது சீக்கிரமே காலை வாரும். ‘<கோப்பு>’ என்பது போல, பயனர் நிரப்ப வேண்டிய இடக்குறிகள் கட்டளைத் தொடரில் நிறைய வரும். என்டிட்டிகளை (< போன்ற மாற்றுக் குறியீடுகளை) முதலில் பிரித்துவிட்டுப் பிறகு குறிகளை அழித்தால், இடக்குறியும் குறியென்று நினைத்து அழிக்கப்படும். என்டிட்டிகளை இரண்டு முறை பிரித்தாலும் இதே கேடு. சரியான முறை, முழு ஆவணத்தையும் மரமாகப் பகுத்து, எழுத்துக் கணுக்களில் மட்டும் ஒரே ஒருமுறை என்டிட்டிகளைப் பிரிப்பது. மார்க்டவுனில் பின்மேற்கோள் இல்லாமல் எழுதிய ஆங்கில இடக்குறி, எச்டிஎம்எல் குறியாகக் கருதப்பட்டுச் சத்தமில்லாமல் காணாமல் போகும். மூலத்தை எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் அது.

டீராஃப் மூலத்தில் வேறொரு புதைகுழி உண்டு. வரியின் முதல் எழுத்து புள்ளியாகவோ ஒற்றை மேற்கோளாகவோ இருந்தால் அந்த வரி கட்டளை வரி. புள்ளியில் தொடங்கும் மறைகோப்பின் பெயர் ஒரு வரியின் தொடக்கத்தில் வந்தால், அப்படி ஒரு மேக்ரோ இல்லை என்று அந்த வரி முழுவதும் விழுங்கப்படும். வேறு வடிவத்திலிருந்து டீராஃப் உருவாக்கும் நிரல்கள் இதில் அடிக்கடி கோட்டை விடுகின்றன. வரித் தொடக்கத்தில் \& என்ற அகலமில்லாக் குறியைப் போட்டால் பிரச்சினை தீரும். பின்சாய்கோட்டையும் மறக்காமல் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு அடுத்த எழுத்தும் எஸ்கேப்பாகப் போய்விடும்.

மரம் கிடைத்ததும், வெற்றிடங்களைச் சுருக்க வேண்டும். நிரல் துண்டைத் தவிர மற்ற இடங்களில் இடைவெளி, டேப், வரிமுறிவு எல்லாம் சேர்ந்து ஒரே இடைவெளி. இந்தச் சுருக்கம் குறிகளின் எல்லையைத் தாண்டியும் நடக்க வேண்டும். தடித்த சொல்லின் உள்ளே கடைசியில் ஒரு இடைவெளி, வெளியே முதலில் ஒரு இடைவெளி என்றால், ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே சுருக்கும் நிரல் இரண்டையும் விட்டுவைக்கும்.

அடுத்தது அகலக் கணக்கு. ஜீராஃப் கையேட்டுப் பக்கங்களின் வரி நீளம் நெடுங்காலம் 78 கட்டமாக இருந்தது (ஒரு எழுத்து நிற்கும் இடம் ஒரு கட்டம்). உடற்பகுதி 7 கட்டம் உள்ளே தள்ளி நிற்கும். விருப்பங்களின் விளக்கம் இன்னும் 7 கட்டம் உள்ளே போகும். மிச்சம் 64. அதற்குள் ஒரு பட்டியல், பட்டியலுக்குள் இன்னொன்று என்றால் 50 கட்டத்தில் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு தொகுதியும் தனக்குக் கிடைத்த அகலத்தை மேலிருந்து பெற்று, தன் உள்தள்ளலைக் கழித்து, மிச்சத்தைக் கீழே கொடுக்க வேண்டும். மிச்சம் 20 கட்டத்துக்கும் கீழே இறங்கினால் உள்தள்ளலை 2 கட்டமாகக் குறைப்பது நல்லது. ஒரு வரிக்கு இரண்டு சொல் என்று நீளும் பத்தியை யாரும் படிக்க மாட்டார்கள்.

விருப்பத்தின் பெயரும் விளக்கமும் எதிரெதிரே நிற்கும் இடம் தனிக் கவனம் கேட்கிறது. பெயர் உள்தள்ளலுக்குள் அடங்கி, பிறகு குறைந்தது ஒரு கட்டமாவது காலியாக இருந்தால் விளக்கம் அதே வரியில் தொடங்கலாம். 13 எழுத்துப் பெயர் 7 கட்டத்தில் அடங்காது. அப்போது விளக்கம் அடுத்த வரிக்குப் போக வேண்டும். பெயரை வெட்டுவதோ, எல்லா விளக்கங்களையும் அந்த ஒரு நீளப் பெயருக்காக வலப்பக்கம் தள்ளுவதோ கூடாது.

வரியை நிரப்புவது

டெர்மினலுக்கான நிரல்கள் பெரும்பாலும் பேராசை முறையில் வரியை நிரப்புகின்றன: அடுத்த சொல் அடங்கினால் சேர், இல்லாவிட்டால் புதிய வரி. இது போதும். ஆனால் அதன் மேல் வலது ஓரத்தை நேராக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. அச்சில் இடைவெளியை இம்மி இம்மியாக நீட்டலாம். டெர்மினலில் முழுக் கட்டமாகத்தான் சேர்க்க முடியும். ஜீராஃப் அந்தக் கூடுதல் இடைவெளிகளை ஒரு வரியில் இடமிருந்தும் அடுத்த வரியில் வலமிருந்தும் பகிர்ந்து, ஓட்டைகள் ஒரே பக்கம் சேராமல் பார்த்துக்கொள்கிறது. 64 கட்டத்தில் அது ஓரளவு எடுபடும். 40 கட்டத்தில் வரி முழுக்கப் பொத்தல்தான். இதற்கும் மேலாக, வாக்கியத்துக்குள் இருக்கும் இரண்டு சொல் கட்டளையின் நடுவே மூன்று இடைவெளி வந்தால், அது மூலத்தில் இருந்ததா, நீட்டியதா என்று படிப்பவருக்குத் தெரியாது. கையேட்டுப் பக்கங்களைத் தேடித் திறக்கும் மேன்-டிபி நிரலில் ஓர நேராக்கத்தையும் சொற்பிளவையும் தனித்தனியே நிறுத்தும் விருப்பங்கள் உண்டு. இரண்டையும் நிறுத்தி வைப்பதே நல்லது. சொற்பிளவு, கோப்புப் பெயரின் நடுவே இல்லாத கோட்டைப் புகுத்தும் வேலையையும் செய்யும். நிறுத்த முடியாத இடத்தில் சொல்லுக்கு முன் \% போட்டுக் காக்கலாம்; நீண்ட இணைய முகவரியில் உடையக்கூடிய இடங்களை \: கொண்டு காட்டலாம்.

வாக்கிய முடிவிலும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. மூலத்தின் வரி முற்றுப்புள்ளியோடு முடிந்தால், அது வாக்கிய முடிவு என்று கருதி ஜீராஃப் இரண்டு இடைவெளி விடும். வரி நடுவில் புள்ளிக்குப் பிறகு ஒரே இடைவெளி இருந்தால் அப்படிக் கருதாது. அதனால்தான் கையேடு எழுதுவோர் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குகிறார்கள். புள்ளி வைத்த சுருக்கச்சொல் ஒன்று தற்செயலாக மூல வரியின் கடைசியில் வந்துவிட்டால் நடு வாக்கியத்தில் இரட்டை இடைவெளி தோன்றும். அங்கும் \& தான் துணை.

தடிப்பும் அடிக்கோடும்

பழைய டெலிடைப் இயந்திரத்தில் தடித்த எழுத்து கிடையாது. ஒரு எழுத்தை அடித்து, பேக்ஸ்பேஸால் பின்னே வந்து, அதே எழுத்தை மீண்டும் அடித்தால் மை கூடி அது தடிப்பாகும். அடிக்கோட்டை அடித்து, பின்னே வந்து, எழுத்தை அடித்தால் அடிக்கோடிட்ட எழுத்து. அந்த உத்தி இன்றும் ஒரு தரவு வடிவமாக உயிரோடிருக்கிறது. உரையைத் திரை திரையாகக் காட்டும் லெஸ் நிரல் இந்த மூன்று பைட் கோவையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு தடிப்பாகவோ அடிக்கோடாகவோ காட்டும். நான்கு ஆங்கில எழுத்து கொண்ட தலைப்பு, தடித்த வடிவில் 12 பைட் ஆகும். அந்த வெளியீட்டைக் கோப்பில் சேமித்துக் கிரெப் கொண்டு தேடினால் தலைப்பு அகப்படாது. எழுத்துகளுக்கு நடுவே பேக்ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கிறது. ‘கால்’ என்ற சிறு நிரலுக்கு பி விருப்பம் கொடுத்து (col -b), அதன் வழியே அனுப்பினால் மேலடிப்பு எல்லாம் நீங்கிவிடும். இந்த முறையில் தீராத ஒரு குழப்பமும் உண்டு: அடிக்கோடு, பேக்ஸ்பேஸ், அடிக்கோடு என்று வந்தால் அது தடித்த அடிக்கோடா, அடிக்கோடிட்ட அடிக்கோடா? பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும்.

புதிய முறை எஸ்ஜிஆர். எஸ்கேப் பைட் (27), சதுர அடைப்பு, எண், ஆங்கில எம் எழுத்து. எண் 1 என்றால் தடிப்பு, 4 என்றால் அடிக்கோடு, 22 தடிப்பை நிறுத்தும், 24 அடிக்கோட்டை நிறுத்தும், 0 எல்லாவற்றையும் நிறுத்தும். ஜீராஃப் இயல்பாக இதைத்தான் வெளியிடுகிறது. லெஸ்ஸுக்குப் பெரிய ஆர் விருப்பம் கொடுக்காவிட்டால், இந்தக் கோவைகள் அலங்கோலமான எழுத்தாகவே திரையில் விழும். லெஸ்ஸின் டெர்ம்கேப் மாறிகளை (தடிப்பு, அடிக்கோட்டின் தோற்றத்தை மாற்றும் சூழல் மாறிகள்) கொண்டு கையேட்டுக்கு வண்ணம் தீட்டியிருப்பவர்கள், ஒரு நாள் வண்ணம் போய்விட்டதே என்று தேடுவது இதனால்தான். அந்த மாறிகள் மேலடிப்புக்கு மட்டுமே பொருந்தும். ‘ஜீராஃப்_நோ_எஸ்ஜிஆர்’ என்ற சூழல் மாறிக்கு ஒரு மதிப்புக் கொடுத்தால் பழைய முறை திரும்பும், வண்ணமும் திரும்பும்.

சொந்தமாக மாற்றி நிரல் எழுதுபவர்கள் இங்கே மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள். எஸ்கேப் கோவைகளையும் அகலத்தில் சேர்த்து எண்ணுவது முதலாவது. தொடக்கக் கோவை 4 பைட், 0 கொண்டு முடிக்கும் கோவை 4 பைட். 6 எழுத்துத் தடித்த சொல் 14 கட்டம் என்று கணக்காகி, தடித்த சொல் உள்ள வரிகள் மட்டும் காரணமில்லாமல் குட்டையாகும். தீர்வு எளிது: வரி உடைப்பு முழுவதையும் எழுத்தும் பண்பும் தனித்தனியாக இருக்கும் வடிவில் முடித்துவிட்டு, கடைசியில் மட்டும் கோவைகளைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, அடிக்கோட்டுக்குள் இருக்கும் தடிப்பை 0 கொண்டு முடிப்பது. அடிக்கோடும் சேர்ந்து அணைந்துவிடும். மூன்றாவது, பண்பைத் திறந்து வைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போவது. லெஸ் வரிக்கு வரி தனித்தனியாக வரைவதால் இரண்டாவது வரியில் தடிப்பு போய்விடும். சில டெர்மினல்களில் அடிக்கோடு உள்தள்ளல் வெற்றிடத்திலும் நீளும். ஒவ்வொரு வரி முடிவிலும் மூடி, அடுத்த வரியில் உள்தள்ளலுக்குப் பிறகு மீண்டும் திறக்க வேண்டும்.

‘கட்டுரை’க்கு எத்தனை கட்டம்?

இந்தக் கேள்விக்கு நான்கு விடைகள் உண்டு. க, ட், டு, ரை என்று எண்ணினால் நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் க, ட, புள்ளி, ட, உகரக்குறி, ர, ஐகாரக்குறி என்று ஏழு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 21 பைட். டெர்மினல் கட்டங்களில்? பல நூலகங்கள் புள்ளியையும் ஈகாரக் குறியையும் மட்டும் அகலமில்லாதவையாக வைத்து, மற்ற உயிர்க்குறிகளுக்கு ஒரு கட்டம் தருகின்றன, அப்படியானால் 6. வேறு சில நூலகங்கள் எல்லா உயிர்க்குறிகளையும் அகலமில்லாதவையாக வைக்கின்றன; அப்போது 4. இந்தப் பிரிவு யூனிகோடு வகைப்பாட்டிலிருந்து வருகிறது: புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகள், மற்றவை இடம் பிடிக்கும் குறிகள்.

மாற்றி ஒரு கணக்கையும் டெர்மினல் இன்னொரு கணக்கையும் வைத்துக்கொண்டால், அந்த வரியில் தமிழ்ச் சொல்லுக்கு வலப்பக்கம் இருக்கும் எல்லாமே இடம் பெயரும். இரு தரப்பையும் ஒத்துப்போகச் செய்ய ஒரு ஆவண எழுத்தாளரால் முடியாது. ஆனால் அந்த முரண்பாடு வெளியே தெரியாமல் வடிவமைக்க முடியும். தமிழ் உரை எப்போதும் வரியின் கடைசிப் பகுதியாக இருக்கட்டும். அட்டவணையில் தமிழ் விளக்கம் வலக்கோடி நெடுவரிசையில் நிற்கட்டும். வலது ஓரத்தில் சட்டக்கோடு வேண்டாம், ஓர நேராக்கமும் வேண்டாம். வரி நீளத்தைப் பெரிய கணக்கின்படி, அதாவது சொல்லுக்கு 6 கட்டம் என்று வைத்துக்கொண்டால், வரி கொஞ்சம் குட்டையாகலாம், நிரம்பி வழியாது. மிக நீண்ட சொல்லை உடைத்தே ஆக வேண்டும் என்றால் முழு எழுத்து எல்லையில்தான் உடைக்க வேண்டும். ஒரே எழுத்தின் யூனிகோடு குறிகளுக்கு நடுவில் வெட்டினால் அடுத்த வரி தனியாக ஒரு புள்ளியோடு, புள்ளிவட்டத்தின் மேல் உட்கார்ந்து தொடங்கும். சீன, ஜப்பானிய எழுத்துகள் இரண்டு கட்டம் என்பதில் ஓரளவு ஒற்றுமை உண்டு. ஈமோஜியில் அதுவும் கிடையாது.

அட்டவணை, இணைப்பு, படம்

அட்டவணைக்கு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: அதன் மிக நீண்ட சொல், அதன் மிக நீண்ட வரி. முதலாவது குறைந்தபட்ச அகலம், இரண்டாவது அதிகபட்சம். மூன்று நெடுவரிசைகளின் அதிகபட்சம் 10, 24, 90 என்று வைப்போம். 78இல் உள்தள்ளல் 7 போக 71. நெடுவரிசைகளுக்கு இடையே இரண்டிரண்டு கட்டம் விட்டால் 67. முதல் இரண்டும் முழுமையாக அடங்கி 34 எடுக்கும், மூன்றாவதுக்கு 33. 90 கட்ட உரை அதில் குறைந்தது மூன்று வரியாக மடியும், படிக்கவும் வசதியாக இருக்கும். குறைந்தபட்சங்களின் கூட்டுத்தொகையே கிடைக்கும் இடத்தைத் தாண்டினால் அட்டவணையைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் ‘தலைப்பு: மதிப்பு’ என்ற தொகுதியாக இறக்கி எழுதினால் எந்த அகலத்திலும் நிற்கும். செல்லுக்குள் இருக்கும் கட்டளையை இரண்டு வரியாக மடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இணைப்புகளை லிங்க்ஸ் எண் போட்டு, முகவரிகளைக் கடைசியில் தொகுக்கிறது. நீண்ட ஆவணத்தில் கடைசிக்குப் போய்த் திரும்புவது தொல்லை. ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் தொகுப்பது நடைமுறைக்கு ஏற்றது. முகவரியை வாக்கியத்திலேயே போடுவதானால் கோண அடைப்புக்குள் போடுங்கள். வாக்கியப் புள்ளி முகவரியோடு ஒட்டாமல் தப்பும். ஓஎஸ்சி 8 என்ற எஸ்கேப் கோவை, உரையையே சொடுக்கக்கூடிய இணைப்பாக ஆக்கும், ஜீராஃப் 1.23 அதை வெளியிடும். அதை அறியாத டெர்மினல்களும், தாளில் அச்சிடுபவர்களும் இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. படத்துக்கு மாற்று உரை. அது இல்லாவிட்டால் கோப்புப் பெயரையாவது காட்ட வேண்டும்.

வெளியீடு போய்ச் சேரும் இடம்

எழுதும் முன் மாற்றி கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதிரே இருப்பது டெர்மினலா, இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் குழாயா, கோப்பா? டெர்மினல் இல்லையென்றால் எஸ்கேப் எதுவும் கூடாது. அகலத்தைக் கருவியிடம் கேட்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால் 80. திரை 200 கட்டம் அகலம் என்பதற்காக உரையும் 200 கட்டம் ஓட வேண்டியதில்லை. 80க்கும் 100க்கும் இடையில் உச்சவரம்பு வைப்பது கண்ணுக்கு இதம். மேன்-டிபி பயனர்களுக்கு ‘மேன்விட்த்’ என்ற சூழல் மாறி இந்த வேலையைச் செய்யும். வடிவமைத்து முடித்த பக்கங்களை மேன்-டிபி 66 முதல் 80 கட்டம் வரையிலான டெர்மினலில் மட்டுமே சேமிக்கிறது. காரணம் எளிது: வரி உடைத்துவிட்ட எழுத்தை மீண்டும் வேறு அகலத்துக்கு ஓடவிட முடியாது. எது பத்தி, எது நிரல் துண்டு என்ற தகவல் அப்போது போயிருக்கும்.

பாதுகாப்பையும் இங்கேயே பார்க்க வேண்டும். யாரோ எழுதிய ஆவணத்தில் எஸ்கேப் பைட் ஒளிந்திருக்கலாம். அது டெர்மினலின் தலைப்பை மாற்றும், திரையைத் துடைக்கும், கட்டளையின் ஒரு பகுதியைக் கண்ணிலிருந்து மறைக்கும். மூலத்திலிருந்து வரும் எழுத்துகளில் 0 முதல் 31 வரையும், 127ம், 128 முதல் 159 வரையிலான கட்டுப்பாட்டுக் குறிகளும் நீக்கப்பட வேண்டும். வரிமுறிவுக்கும் டேப்புக்கும் மட்டும் விலக்கு. டேப்பையும் 8 கட்டக் கணக்கில் இடைவெளியாக விரித்துவிட வேண்டும்.

சோதிக்க ஒரு நம்பகமான வழி இருக்கிறது. மூல மரத்தில் ‘சொல்லுக்குச் சொல்’ என்று குறிக்கப்பட்ட எல்லாப் பகுதிகளையும் பட்டியலிடுங்கள்: நிரல் துண்டின் ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு விருப்பமும், ஒவ்வொரு பாதையும். ஆவணத்தை 40, 80, 132 கட்ட அகலங்களில் குழாய் வழியே கோப்பாக எடுங்கள். அந்தக் கோப்புகளில் 27ம் 8ம் (எஸ்கேப், பேக்ஸ்பேஸ்) என்ற பைட்டுகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும், டேப்பை மட்டும் விரித்துவிட்டு, பைட் மாறாமல் அவற்றில் தேடுங்கள். 80இல் அகப்படாதது மாற்றியின் பிழை: கோடு மாறியிருக்கும், மேற்கோள் வளைந்திருக்கும், புள்ளியில் தொடங்கிய வரி விழுங்கப்பட்டிருக்கும். 80இல் அகப்பட்டு 40இல் அகப்படாதது, பெரும்பாலும் 40 கட்டத்துக்கு மேல் நீளும் கட்டளையை மாற்றி மடித்துவிட்டதன் அடையாளம். அந்த வரிகளை மடிக்காமல் ஓரம் தாண்டி ஓடவிடுங்கள்.